சின்ன வால்வு அம்ப்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. கிற்றார் வாசிப்பவர்கள் சின்ன வால்வு அம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் அம்ப்) ஒன்றை எப்படித் தெரிவது, வாங்கியதை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு பல வருடமாக அம்ப் திருத்துகிறவன் நான். இந்தக் கேள்விகளைப் பார்த்ததும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதனால் கீபோர்ட், மிக்ஸர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பக்கத்தையும் வால்வுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், கிற்றார் பழகி மூன்று வருடம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே மதில். 1 வாற், 5 வாற், 15 வாற் என்று மூன்று அளவில் வால்வு அம்ப் இருக்கிறது. 1 வாற் வாங்கினால் சத்தம் ஐந்தில் ஒரு பங்குதானே? (ஒரு தங்கை, உவர்மலை)

பதில்: இல்லை தங்கச்சி, காது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாற் ஏறத்தாழப் பத்து மடங்கு கூட வேண்டும். சத்தத்தை அளக்கும் அலகான டெசிபெல்லில் பார்த்தால், 1 வாற்றுக்கும் 5 வாற்றுக்கும் இடையில் 7 டெசிபெல்தான் வித்தியாசம், 5க்கும் 15க்கும் இடையில் 5 டெசிபெல்கூட முழுதாக இல்லை. நல்ல 12 அங்குல கிற்றார் ஸ்பீக்கர் ஒன்று, 1 வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 97, 98 டெசிபெல் போடும். அது மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டுமல்ல, ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ஆகவே 1 வாற் என்றால் மெதுவான அம்ப் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் வாற் எதற்கு? சத்தம் எவ்வளவு ஏறும்வரை ஒலி தெளிவாக இருக்கும் என்பதைத்தான் வாற் சொல்கிறது. 1 வாற் அம்ப் சீக்கிரமே உடைந்து கரகரக்கத் தொடங்கும், 15 வாற் அம்ப் அதே சத்தத்தில் இன்னும் சுத்தமாக நிற்கும். வீட்டில் தனியாக வாசிக்கிறவருக்கு 5 வாற் போதும். கோயில் பாடகர் குழுவோடோ ட்ரம்ஸ் வாசிக்கிறவரோடோ சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் ஈஎல்84 வால்வு இரண்டு போட்ட 15 வாற் அம்ப், 12 அங்குல ஸ்பீக்கரோடு. ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் 5 வாற் அம்பை வைத்துச் சுத்தமான ஒலி கேட்டால் கிடைக்காது.

5 வாற் சின்ன அம்புகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று ஃபெண்டர் சாம்ப் வழி. 1950களின் நடுவில் வந்த 5எஃப்1 என்ற சுற்றுத்தான் அதன் மூலம்: கிற்றாரின் ஒலியை முதலில் பெருக்கும் வால்வு 12ஏஎக்ஸ்7 ஒன்று, ஸ்பீக்கரை ஓட்டும் வெளி வால்வு 6வி6 ஒன்று, மின்சாரத்தை நேராக்க (ஏசியை டிசி ஆக்க) 5வை3 ஒன்று, 8 அங்குல ஸ்பீக்கர், மேல்பக்கத்தில் வொல்யூம் குமிழ் ஒன்றே ஒன்று. மற்றது ஈஎல்84 வழி, வொக்ஸ் ஏசி4, எபிஃபோன் வால்வ் ஜூனியர், பியூஜெரா வி5 போன்றவை. 6வி6 உருண்டையாக, மென்மையாக உடையும். ஈஎல்84 கூர்மையானது, கொஞ்சம் தள்ளினாலே பாடத் தொடங்கிவிடும். உங்கள் கிற்றாரில் ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) இருந்தால் ஈஎல்84 அந்த மொத்தமான ஒலிக்கு வெளிச்சம் கொடுக்கும், சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) என்றால் எனக்கு 6வி6தான் பிடிக்கும்.

மதில் பிரச்சினைக்கு, வாற்றைக் குறைக்கும் சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். வொக்ஸ் ஏசி4டிவியில் 4, 1, கால் வாற் என்று மூன்று நிலை, பியூஜெரா வி5இல் 5, 1, 0.1. அந்த 0.1இல்தான் இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசிக்க முடியும். வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்க வேண்டாம். 230 வோல்ற் என்று எழுதியிருக்கிறதா, ஸ்பீக்கர் வயரைக் கழற்றி வேறு ஸ்பீக்கர் போட ஜாக் இருக்கிறதா என்ற இரண்டும் முக்கியம். இரண்டாவது ஏன் என்று கீழே ஒரு தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன், அதையும் வாசியுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மாமா லீவில் வந்தபோது அவர் பாவித்த 5 வாற் வால்வு அம்பைத் தந்துவிட்டுப் போனார். பின்னால் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறது. ஒரு கடையில் 110 வோல்ற் கொடுக்கும் பெட்டி தருகிறேன் என்கிறார்கள். போடலாமா? (தம்பி, திருக்கடலூர்)

பதில்: முதலில், இன்னும் நேரே எங்கள் ப்ளக்கில் செருகவில்லை என்பதற்கு நன்றி. 230 வோல்ற்றை 120 வோல்ற் அம்புக்குக் கொடுத்தால் ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம், போகாவிட்டால் ட்ரான்ஸ்போமர் எரியும். பழைய அம்பில் ட்ரான்ஸ்போமர்தான் மிக விலையான பாகம், ஒத்தது இங்கே கிடைப்பதும் கஷ்டம்.

அந்த 110 வோல்ற் பெட்டி போடலாம். இன்னும் சொன்னால், 120ஐ விட 110தான் உங்களுக்கு நல்லது. ட்ரான்ஸ்போமரின் இரும்பு எவ்வளவு காந்தத்தைத் தாங்க வேண்டும் என்பது வோல்ற்றை ஹேர்ட்ஸால் பிரித்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. கனடாவில் 120ஐ 60ஆல் பிரித்தால் 2. இங்கே நமக்கு 50 ஹேர்ட்ஸ், ஆகவே 120 கொடுத்தால் 2.4, அதாவது 20 வீதம் கூட. இரும்பைக் கஞ்சத்தனமாகப் போட்டுச் செய்த ட்ரான்ஸ்போமர் அதில் சூடேறி முனகும். 110 கொடுத்தால் 2.2, அது சமாளிக்கக்கூடியது. வால்வுக்குள் இருக்கும் இழைக்கு 6.3 வோல்ற்றுக்குப் பதிலாக 5.8 வோல்ற் அளவில் போகும். வால்வு செய்தவர்கள் பத்து வீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதித்திருக்கிறார்கள், 5.8 அதற்குள்தான் வருகிறது.

5 வாற் அம்ப் என்றாலும் சுவரிலிருந்து 40, 50 வாற் இழுக்கும், இழைகளுக்கே நிறையப் போகிறது. பெட்டி 100 விஏக்குக் (வோல்ற்றை அம்பியரால் பெருக்கிய அளவு) குறையாமல் இருக்கட்டும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் ஓட விட்டு, ஓஃப் பண்ணி, ப்ளக்கையும் கழற்றிவிட்டு, அம்பின் வெளியே தெரியும் மின் ட்ரான்ஸ்போமரின் மேல் கையை வையுங்கள். ஐந்து வினாடி கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த அம்பை இங்கே தொடர்ந்து ஓட்டக்கூடாது, 230 வோல்ற் ட்ரான்ஸ்போமர் ஒன்றுக்கு மாற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மலிவான 110 வோல்ற் பெட்டிகளில் பலவற்றுக்கு வெளிவரும் பக்கம் தட்டைக் கால் இரண்டுதான், எர்த் இல்லை. அம்பின் மூன்றாவது கால் எங்கும் தொடுபடாமல் தொங்கினால் கிற்றாரின் கம்பிகளுக்கும் எர்த் இல்லை. கிற்றாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால், அம்பில் ஏதாவது கசிவு இருக்கும் நாளில், உயிர் போகும். மூன்று கால் வெளிவழி உள்ள பெட்டியாக வாங்குங்கள், சுவரின் எர்த்திலிருந்து அம்பின் உலோக உடல் வரை தொடர்பு இருக்கிறதா என்று, எதையும் சுவரில் செருகாமல், மல்டிமீற்றரால் பாருங்கள். அது உறுதியாகும்வரை வாசிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணன், இரவில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹெட்ஃபோனைச் செருகி வாசிக்கலாமா? (கிண்ணியா)

பதில்: வேண்டாம் தம்பி. ட்ரான்சிஸ்டர் அம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் சும்மா நிற்கும், வால்வு அம்ப் நிற்காது. ஸ்பீக்கருக்குப் போகும் வெளிவரும் ட்ரான்ஸ்போமருக்குச் சுமை இல்லாவிட்டால் அதன் முதல் சுருளில் வோல்ற் பல மடங்கு எகிறி, உள்ளே தீப்பொறி பாய்ந்து சுருள் எரிந்துவிடும். என் முதலாவது அம்பை நான் இழந்தது இப்படித்தான், பதினைந்து நிமிடம் கூட ஆகவில்லை. ஹெட்ஃபோனின் தடை ஸ்பீக்கரைப் போல 8 ஓம் அல்ல, 32 ஓமுக்கும் மேலே, அதனால் அது சுமையாக இராது. காதுக்கும் ஆபத்து. ஹெட்ஃபோன் வழி என்று அம்பிலேயே தனியாகச் செய்திருந்தால் மட்டும் பாவியுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் சீசனுக்கு வாசிக்கிறோம். என் 5 வாற் அம்ப் வீட்டில் பரவாயில்லை, மேடையில் ஊம் என்று ஓயாத இரைச்சல். நண்பர் ப்ளக்கின் எர்த் காலை வெட்டச் சொல்கிறார். (நிலாவெளி)

பதில்: எர்த் காலை வெட்ட வேண்டாம். இரைச்சல் குறையலாம், ஆனால் மேலே திருக்கடலூர்த் தம்பிக்குச் சொன்ன அதே ஆபத்தை நீங்களே உண்டாக்கிக் கொள்கிறீர்கள், அதுவும் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நின்றுகொண்டு.

எந்த இரைச்சல் என்று முதலில் காதால் பிடியுங்கள். கிற்றாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் சுரம் 98 ஹேர்ட்ஸ். அம்பின் இரைச்சல் ஏறத்தாழ அந்தச் சுரத்தில் இருந்தால் அது 100 ஹேர்ட்ஸ், மின்சாரத்தை நேராக்கிய பிறகு மீதியாக நிற்கும் அலை, வடிகட்டும் கப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன என்று பெரும்பாலும் அர்த்தம். அதைவிட ஓர் எட்டுச் சுரம் கீழே, வயிற்றில் உணர்கிற மாதிரி இருந்தால் 50 ஹேர்ட்ஸ். அது வால்வு இழைகளின் வயரிலிருந்தோ, எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதாலோ வரும். இரண்டும் இல்லாமல் ஈ பறக்கிற மாதிரி ஸ்ஸ் என்று கூர்மையாக இருந்தால் அது வெளியிலிருந்து கிற்றாருக்குள் வருவது. மேடை விளக்குகளின் டிம்மரைக் குறைத்துப் பாருங்கள், திரும்பி நின்று பாருங்கள், மாறும். நீங்கள் வீட்டில் பரவாயில்லை என்று எழுதியிருப்பதால் நான் இந்த மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

வீட்டிலும் ஊம் இருந்தால், கிற்றாரைக் கழற்றி வொல்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் பிரச்சினை வொல்யூமுக்குப் பிறகு, போய்விட்டால் முன்னால். ஒற்றை வெளி வால்வு உள்ள அம்பில் கொஞ்சம் ஊம் இயல்பு, ஏனென்றால் இரண்டு வால்வு மாறிமாறித் தள்ளும் அம்பில் அந்த அலை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஒற்றையில் அழிக்க ஆள் இல்லை. இழை வயருக்கு நடுத்தொடுப்பு (இழைக்கான சுருளின் நடுவிலிருந்து எர்த்துக்குப் போகும் வயர்) இல்லாத அம்ப் என்றால், இரு பக்கத்திலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றை எர்த்துக்குப் போட்டாலே 50 ஹேர்ட்ஸ் வெகுவாகக் குறையும். நடுத்தொடுப்பு ஏற்கனவே இருந்தால் அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: கொழும்பில் கைமாறி வந்த 5 வாற் அம்ப் ஒன்று வாங்கினேன். ஈஎல்84 ஒன்று, 12ஏஎக்ஸ்7 ஒன்று, 8 அங்குல ஸ்பீக்கர், வொல்யூம் மட்டும். அடிச்சுரங்கள் குழைகின்றன, மேல்சுரங்கள் தகரம் மாதிரி. ஈயம் பிடிக்கத் தெரியும். பொறியியல் படிக்கிற நண்பன் எல்லா கப்பாசிட்டரையும் விலையானதாக மாற்றச் சொல்கிறான். எங்கே தொடங்குவது? (தம்பி, சாம்பல்தீவு)

பதில்: உங்கள் நண்பன் சொல்வதை நான் கடைசியிலும் செய்ய மாட்டேன். காசு குறைவாக இருக்கும்போது அதைக் காது கேட்கிற இடத்தில் போட வேண்டும்.

முதல் இடம் ஸ்பீக்கர். சின்ன அம்போடு வரும் மலிவான 8 அங்குல ஸ்பீக்கருக்கும் நல்ல 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கருக்கும் 6 டெசிபெல் வித்தியாசம் வரலாம். அது உங்கள் 5 வாற் அம்பை 20 வாற் அம்பாக மாற்றியது போல. அடிச்சுரம் குழைவதும் தகரச் சத்தமும் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வரும். உடனே வாங்க வேண்டாம், ஓம் அளவு பொருந்தினால் நண்பர் யாராவது வைத்திருக்கும் 12 அங்குலக் கபினெற்றை ஒரு பின்னேரம் இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். உவர்மலைத் தங்கைக்கு ஸ்பீக்கர் ஜாக் பார்த்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பல பேர் இதைச் செய்த பிறகு அம்பைத் திறக்கவே இல்லை.

இரண்டாவது, முதல் வால்வை மாற்றிப் பார்ப்பது. இதற்கு ஈயம் கூடத் தேவையில்லை. 12ஏஎக்ஸ்7இன் பெருக்கம் 100. 5751 போட்டால் 70, 12ஏடி7 என்றால் 60, 12ஏவை7 என்றால் 44 அளவு. எல்லாம் அதே ஒன்பது கால், அதே இடத்தில் செருகலாம். பெருக்கம் குறையக் குறைய அம்ப் தாமதமாக உடையும், கிற்றாரின் வொல்யூம் குமிழுக்கு உயிர் வரும். ரஷ்ய 6என்2பி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பெருக்கம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இழைக் கால்களின் தொடுப்பு வேறு, அப்படியே செருக முடியாது.

இப்போது ஈயத்துக்கு வருவோம். 12ஏஎக்ஸ்7இன் கதோட்டில் (எலெக்ட்ரோனை வெளிவிடும் பகுதி) 1.5 கே, அதாவது 1500 ஓம் ரெசிஸ்டரும் அதற்குப் பக்கத்தில் 22 அல்லது 25 மைக்ரோஃபராட் கப்பாசிட்டரும் இருக்கும். அந்தக் கப்பாசிட்டரைக் கழற்றி 1 மைக்ரோஃபராட் போடுங்கள். ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் மெல்லக் குறைந்து கடைசியில் பாதியாகும். கிற்றாரின் கீழ்க் கம்பி 82 ஹேர்ட்ஸ், ஆகவே குழைகிற இடத்தைத்தான் நீங்கள் தொடுகிறீர்கள். 0.68 போட்டால் 300 ஹேர்ட்ஸிலிருந்தே குறையும், ஹம்பக்கருக்கு அது நல்லது, சிங்கிள் கொயிலுக்கு மெலிந்துபோகும். ஒரு கப்பாசிட்டர், சில பத்து ரூபாய், அம்பின் குணமே மாறும்.

அடுத்தது முதல் கட்டத்துக்கும் வொல்யூமுக்கும் இடையில் நிற்கும் கப்பாசிட்டர். பொதுவாக 0.022 இருக்கும். இதை 0.1 ஆக்கினால் அடிச்சுரம் கொட்டும் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 மெகா ஓம் வொல்யூமோடு 0.022 வெட்டத் தொடங்குவது 7 ஹேர்ட்ஸில், கிற்றாரில் அங்கே சுரமே இல்லை. ஆகவே கூட்டுவதால் பயனில்லை, குறைப்பதால்தான் பயன். 0.0022 என்றால் 72 ஹேர்ட்ஸ், 0.001 என்றால் 159. நான் 0.0022இல் நிறுத்துவேன். இந்த இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு கிழமை வாசித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள், இல்லாவிட்டால் எது என்ன செய்தது என்று ஒருநாளும் தெரியாது. இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். இரண்டு மூன்று வால்வும் இரண்டு ட்ரான்ஸ்போமரும் உள்ள சின்ன அம்பின் அழகே, ஒவ்வொரு பாகத்தின் குரலையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகலாம் என்பதுதான்.

சாம்ப் வழி அம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அதில் ஸ்பீக்கரிலிருந்து 12ஏஎக்ஸ்7இன் இரண்டாம் பாதிக் கதோட்டுக்கு 22 கே ரெசிஸ்டர் ஒன்று திரும்பி வரும். அதை ஒரு சுவிட்ச்சால் வெட்டினால் அம்ப் முரட்டுத்தனமாகும், பெருக்கம் கூடும். திரும்ப வேண்டுமானால் சுவிட்ச்சை மாற்றினால் போதும், அதனால் இது எனக்குப் பிடித்த மாற்றம்.

ஈஎல்84 எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்றும் ஒருதடவை அளந்துவிடுங்கள். அதன் எல்லை 12 வாற். கதோட் ரெசிஸ்டர் 270 ஓம், அதன் குறுக்கே 13 வோல்ற் என்று வைத்துக்கொள்ளுங்கள், 48 மில்லி அம்பியர் ஓடுகிறது. அதில் 5 அளவு ஸ்கிரீன் என்ற உள் வலைக்குப் போக, எலெக்ட்ரோனைப் பெறும் பிளேட்டுக்கு மீதி 43. பிளேட்டுக்கும் கதோட்டுக்கும் இடையில் 300 வோல்ற் என்றால் 12.9 வாற், எல்லையைத் தாண்டிவிட்டது. ரெசிஸ்டரை 330 ஆக்குங்கள், போதாவிட்டால் 390. நள்ளிரவில் எங்கள் பக்கம் வோல்ற் ஏறும் நேரத்தில் அளந்தால் உண்மை தெரியும்.

கேள்வி: தம்பி, என் மகனுக்குப் பதினாறு வயது. யூடியூப் பார்த்துவிட்டு வால்வு அம்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறான். ஆபத்தா? (ஓர் அம்மா, பாலையூற்று)

பதில்: ஆபத்துத்தான் அக்கா, மறைக்க மாட்டேன். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கும். சில அம்புகளில் நிமிடங்களில் இறங்கிவிடும், சிலவற்றில் மணிக்கணக்காக நிற்கும். வெளியில் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. ஆனால் அவனிடமிருந்து பறித்து அலுமாரியில் பூட்டாதீர்கள், நீங்கள் இல்லாத நேரம் திறப்பான். முறையைக் கற்றுக்கொடுப்பதுதான் பாதுகாப்பு.

ப்ளக் சுவரிலிருந்து கழற்றப்பட்டு அவன் கண்ணுக்கு முன்னால் மேசையில் இருக்க வேண்டும், சுவிட்ச் ஓஃப் என்பது போதாது. 10 கே, 5 வாற் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைக்கும் நல்ல உறை போட்ட வயரும் கிளிப்பும் பிடித்து, ஒரு கிளிப்பை முதலில் உலோக உடலிலும் மற்றதைக் கப்பாசிட்டரின் நேர் முனையிலும் பத்து வினாடி வைக்க வேண்டும். ஸ்க்ரூ ட்ரைவரால் நேரே குறுக்கே தொடுவது கூடாது, கப்பாசிட்டரும் கெடும், கையும் போகும். பிறகு மீற்றரால் அளந்து, ஒன்றிரண்டு வோல்ற்றுக்குக் கீழே வந்தால்தான் விரல் உள்ளே போகலாம். ஓட விட்டு அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால். காலில் ரப்பர்ச் செருப்பு, கழுத்தில் சங்கிலி இல்லை, வீட்டில் தனியாக இருக்கும்போது இல்லை.

முதல் தடவை ஈயம் பிடித்துப் பழக வால்வு அம்ப் வேண்டாம். ஒன்பது வோல்ற் பட்டரியில் ஓடும் கிற்றார்ப் பெடல் ஒன்றைப் பூட்டிப் பழகட்டும். இரண்டு பெடல் வேலை செய்த பிறகு அம்பைத் தொடலாம். ஒருநாள் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், பக்கத்தில் வைத்துக் காட்டிக்கொடுக்கிறேன்.

கேள்வி: வீடு கடலுக்கு மிகக் கிட்ட. மழைக்காலம் முடிந்து அம்பைப் போட்டால் படபட என்று வெடிக்கிறது, சத்தம் வந்து வந்து போகிறது. வால்வு போய்விட்டதா? (சல்லி)

பதில்: பெரும்பாலும் வால்வு இல்லை, உப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் ஈரத்தோடு வரும் உப்பு, வால்வுக் கால் செருகும் சொக்கெற்றிலும் ஜாக்கிலும் வொல்யூமிலும் படிகிறது. ஓஃப் பண்ணி, ப்ளக்கைக் கழற்றி, வால்வு ஆறிய பிறகு, கொன்ராக்ட் கிளீனர் என்று மின்பாகத்துக்கே விற்கும் ஸ்ப்ரேயைச் சொக்கெற்றில் கொஞ்சமாக அடித்து வால்வை ஐந்தாறு தடவை செருகிக் கழற்றுங்கள், ஆட்டாமல் நேராக. கதவுக்கும் பூட்டுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது படிந்து தூசியைப் பிடிக்கும். நன்றாகக் காய விட்டு அடுத்த நாள் போடுங்கள். அம்ப் ஓடும்போது பென்சில் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டிப் பாருங்கள், ஒன்றில் மட்டும் மணி அடித்த மாதிரிச் சத்தம் வந்தால் அந்த வால்வு உண்மையிலேயே பலவீனம்.

மூடுவதற்குத் துணி பாவியுங்கள், பொலித்தீன் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். மார்கழி, தையில் கிழமைக்கு இரண்டு தடவை அரை மணித்தியாலம் அம்பைப் போட்டு வைத்தால் அதன் சூடே அதை உலர்த்தும். ஸ்பீக்கரோடு, மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: பிரிட்டிஷ் கடற்படை இங்கே இருந்த காலத்தில் என் தகப்பனார் டொக்யார்டில் வேலை. அவர் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பேரன் அதைக் கிற்றார் அம்பாக மாற்றித் தரச் சொல்கிறான். முடியுமா? (ஐயா ஒருவர், டொக்யார்ட் வீதி)

பதில்: ஐயா, கடற்படை போனது 1957இல், ஆகவே உங்கள் ரேடியோவுக்குக் குறைந்தது அந்த வயது. முடியுமா என்பதை வால்வில் எழுதியிருக்கும் முதல் எழுத்துச் சொல்லும். ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்து இழையைக் குறிக்கும். ஈ என்றால் 6.3 வோல்ற், உள்ளே பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் இருக்கும். யூ என்றால் எல்லா இழைகளும் 100 மில்லி அம்பியரில் வரிசையாகத் தொடுத்து நேரே வீட்டு மின்சாரத்தில் ஓடும், உலோக உடலே மின்சாரத்தின் ஒரு முனையோடு தொடுபட்டிருக்கும். ரேடியோவாக இருந்தபோது மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் காப்பாற்றின. கிற்றார் வயர் செருகினால் அந்த உடல் பேரனின் கைக்கு வந்துவிடும். யூ வால்வு என்றால் மாற்ற வேண்டாம், பாட்டுக் கேட்கத் திருத்தி வையுங்கள்.

ஈ என்றால் நம்பிக்கை உண்டு. இரண்டாவது எழுத்து எல் என்றால் அதுதான் வெளி வால்வு. ஈஎல்84 இருந்தால் பேரன் கடையில் தேடுகிற அதே வால்வு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பின்னால் கிராமபோன் செருகும் துளைகள் இருக்கும், ஒரு சின்னப் பெடலை இடையில் வைத்து அதற்குள்ளேயே கிற்றாரைக் கொடுக்கலாம், ரேடியோவைக் கிழிக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னால் மூன்று வேலை: உள்ளே இருக்கும் கடதாசிக் கப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், முக்கியமாக வெளி வால்வுக்குப் போவதை, அது கசிந்தால் வால்வும் ட்ரான்ஸ்போமரும் சேர்ந்து எரியும். வடிகட்டும் கப்பாசிட்டர்களையும் புதிதாக்க வேண்டும். இரண்டு வயரை எடுத்துவிட்டு, எர்த் உள்ள மூன்று வயர் ப்ளக் போட வேண்டும்.

பின் மூடியைக் கழற்றி, எதையும் தொடாமல், வால்வுகளில் உள்ள எழுத்துகளையும் எண்களையும் பார்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை ப்ளக்கைச் செருக வேண்டாம்.